நியூட்ரலுக்கு வராத கால்: ஸ்ரேர்ன்ட்றைவ் பழுது ஒன்றின் நிகழ்வு ஆய்வு

படகுக்காரரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். தன் பெயரும் படகு நிற்கும் துறையும் வேண்டாம் என்றார்; அவை இல்லாமலே சொல்லலாம். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள்தான் ஆனது. ஆனால் அது ஆகஸ்டில் வந்த பழுதல்ல. மே மாதமே தன்னைக் காட்டியிருக்கிறது. காட்டிய வயரை ஒருவர் கழற்றி விட்டிருக்கிறார்.

## பின்னணி

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஓடும் குடும்பப் படகு. 19 அடி நீளம், முன்பக்கமும் இருக்கைகள் உள்ள திறந்த வகை, 1990களின் நடுவில் கட்டியது. உள்ளே காபரேற்றர் வைத்த 4.3 லீற்றர் வி6 பெற்றோல் எஞ்சின். பின்பலகைக்கு வெளியே மேர்க்குறூசர் அல்ஃபா வன் என்ற ஸ்ரேர்ன்ட்றைவ், இரண்டாம் தலைமுறை. உரிமையாளர் ஐம்பது தாண்டியவர். ஊரில் வள்ளமும் கடலுமாக வளர்ந்தவர் என்பதால் எஞ்சினுக்குப் பயப்படாதவர். படகை ஆறு வருடங்களுக்கு முன் பாவித்ததாக வாங்கியிருந்தார். கியர்க் கேபிள் எப்போது மாற்றப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. படகோடு வந்த பற்றுச்சீட்டுகளிலும் அப்படி ஒன்று இல்லை.

ஸ்ரேர்ன்ட்றைவ் அமைப்பைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். எஞ்சின் படகுக்குள் இருக்கும். கியரும் புரொப்பெல்லரும் பின்பலகைக்கு வெளியே தொங்கும் பாகத்தில் இருக்கும். அந்தப் பாகத்தைத்தான் பட்டறையில் ‘கால்’ என்கிறோம். 1959இல் வொல்வோ பென்ரா அக்குவாமற்றிக் என்று விற்கத் தொடங்கிய வடிவம் இது. மேர்க்குறூசர் 1961இல் வந்தது. கியர் மாற்றும் விதத்தில் கால்கள் இரண்டு வகை. வொல்வோவிலும் மேர்க்குறூசரின் பிராவோவிலும் கூம்புக் கிளட்ச், காலின் மேற்பகுதியில் இருக்கும். அல்ஃபாவில் பல்லுக் கிளட்ச், தண்ணீருக்கு அடியில், புரொப்பெல்லர் தண்டிலேயே இருக்கும். முன் கியரும் பின் கியரும் அந்தத் தண்டில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நடுவில் உள்ள கிளட்ச் முன்னே நகர்ந்தால் முன் கியரின் பற்களைப் பிடிக்கும், பின்னே நகர்ந்தால் பின் கியரின் பற்களை.

பல்லோடு பல் பிடித்த பிறகு எஞ்சினின் முறுக்கு அவற்றை இறுக்கியே வைத்திருக்கும். அந்த இறுக்கத்தில் கேபிளால் கிளட்சை இழுத்தெடுப்பது கடினம். அதற்காக எஞ்சினுக்குப் பக்கத்தில், இரண்டு கேபிள்களும் சந்திக்கும் ஷிஃப்ட் பிரக்கெற்றில், கட்-அவுட் சுவிச் என்ற ஒரு சிறு சுவிச் வைத்திருக்கிறார்கள். அதன் உருளை ‘வி’ வடிவக் குழியொன்றில் உட்கார்ந்திருக்கும். பற்கள் விட மறுத்துக் கேபிளில் இழுவை ஏறினால் உருளை குழியிலிருந்து எழும்பும், சுவிச் பற்றவைப்பை வெட்டும், எஞ்சின் ஒரு கணம் இடறும். முறுக்கு போனதும் பற்கள் விடும், உருளை குழிக்குத் திரும்பும், எஞ்சின் தொடர்ந்து ஓடும். ஓட்டுபவருக்கு ஒரு சிறு விக்கல் போலத்தான் கேட்கும்.

கேபிள்கள் இரண்டு என்பதும் முக்கியம். ஒன்று கியர்க் கைபிடியிலிருந்து பிரக்கெற் வரை. மற்றது பிரக்கெற்றிலிருந்து பின்பலகையைத் துளைத்து, பெலோஸ் எனும் மடிப்பு மடிப்பான றப்பர் உறை ஒன்றுக்குள்ளால் காலுக்குப் போவது. காலை இடம் வலம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வளைவது இந்த இரண்டாவது கேபிள்தான். இனி அதைக் கீழ்க் கேபிள் என்கிறேன்.

## மே முதல் ஜூலை வரை

மே மாதம் படகை இறக்கிய முதல் நாளே, முன் கியரிலிருந்து நியூட்ரலுக்கு எடுக்கும்போது எஞ்சின் நின்றிருக்கிறது. திரும்ப ஸ்ராட் பண்ணினால் ஓடும், அடுத்த தடவை எடுக்கும்போது மறுபடி நிற்கும். இறங்குதுறையில் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க இது நடந்தால் எவருக்கும் பதற்றம்தான்.

எஞ்சின் தெரிந்த நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். முதலில் ஐடிலை, அதாவது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 900 சுற்றுக்கு ஏற்றினார். நிற்பது குறைந்தது, ஆனால் கியர் ‘டங்’ என்று விழத் தொடங்கியது. பிறகு ஷிஃப்ட் பிரக்கெற்றில் இருந்த சுவிச்சின் வயரைக் கழற்றி ரேப் சுற்றி விட்டார். அதோடு எஞ்சின் நிற்பது அடியோடு போனது. பழுது தீர்ந்ததென்று இருவரும் நம்பினார்கள். நண்பரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த வயரைக் கழற்றிச் சோதிப்பது தொழிலில் உள்ள எல்லோரும் செய்வதுதான். சுவிச் பழுதாகி எஞ்சினை நிறுத்துகிறதா என்று அறிய அது சரியான வழி. சோதனை முடிந்தபின் வயரைத் திரும்பப் பூட்டாமல் விட்டதுதான் வினை.

ஏனென்றால் அங்கே சுவிச்சில் பழுதில்லை. கீழ்க் கேபிள் இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தைச் சுவிச் ‘பற்கள் இன்னும் விடவில்லை’ என்று எடுத்துக்கொண்டது, உருளை குழிக்குத் திரும்பவில்லை, பற்றவைப்பு வெட்டியபடியே இருந்தது, எஞ்சின் நின்றது. வயரைக் கழற்றியதும் எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் பற்களின் இறுக்கமும் தளரவில்லை. அதுவரை சுவிச் செய்த வேலை முழுவதையும் ஏற்கெனவே இறுகிய கேபிள் தனியாகச் செய்ய வேண்டியதாயிற்று.

ஜூனிலும் ஜூலையிலும் கைபிடி பாரமாகிக்கொண்டே போனது. இடையில் யாரோ சொல்லக் கேட்டு கேபிளின் வாயில் எண்ணெய் அடித்திருக்கிறார்கள்; இரண்டு கிழமை இலேசாக இருந்ததாம். அடித்தளத்தில் தண்ணீர் வழமையை விடக் கூடச் சேர்கிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். மழைத்தண்ணீர் என்று விட்டுவிட்டார்.

## நீர்ப்பூட்டுச் சுவரில்

ஆகஸ்ட் முதல் வார நீண்ட விடுமுறை. சிம்கோ ஏரியிலிருந்து கிழக்கே பிரியும் ட்றென்ற்-செவேர்ன் நீர்வழிக் கால்வாயில் குடும்பத்தோடு போயிருக்கிறார். கால்வாய்க்குள் வேக எல்லை மணிக்கு 10 கிலோமீற்றர், அவரும் அதற்குள்தான் வந்தார். படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளில் அங்கே முதலாவது 41ஆம் இலக்கம். பூட்டுக்கு முன்னால் சுவரோரம் நீலக்கோடு இருக்கும். உள்ளே போக விரும்புபவர்கள் அதில் கட்டிக் காத்திருக்க வேண்டும்.

சுவரை நோக்கிச் சுக்கானை வெட்டித் திருப்பிக்கொண்டு நியூட்ரலுக்கு எடுத்தார். கைபிடி நியூட்ரலில் உட்கார்ந்தது. படகு நிற்கவில்லை. பின் கியர் போட இழுத்தார், பாதி தூரத்தில் கைபிடி நின்றுவிட்டது. அப்போதுதான் புரொப்பெல்லர் இன்னும் முன்னோக்கித் தள்ளுகிறது என்பது புரிந்து திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தியிருக்கிறார். அது சரியான முடிவு. அந்த நிமிடத்தில் செய்யக்கூடியதும் அது ஒன்றுதான். முன்னால் கயிற்றோடு நின்ற மகன் சுவரை உதைத்துத் தள்ளக் காலை நீட்டினான். தாய் போட்ட சத்தத்தில் இழுத்துக்கொண்டான். படகு சுவரில் உரசி நின்றது. மேற்பூச்சில் ஒரு சாண் வெடிப்பு, ஒருவருக்கும் காயமில்லை.

இரண்டாவது அதிர்ச்சி அதற்குப் பிறகு. கைபிடியை நியூட்ரலில் வைத்து ஸ்ராட் பண்ணினார். எஞ்சின் பிடித்தவுடனே படகு முன்னே பாய்ந்தது. கயிறு கட்டியிருந்ததால் தப்பியது. கியரில் இருக்கும்போது ஸ்ராட் ஆகாமல் தடுக்கும் சுவிச் ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று பின்னர் கேட்டார். இருக்கிறது. ஆனால் அது இருப்பது கைபிடிப் பெட்டிக்குள். கைபிடி எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது அறியும்; தண்ணீருக்கு அடியில் கிளட்ச் எங்கே நிற்கிறது என்பதை அறியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே பெற்றோல் எஞ்சின் உள்ள படகை ஸ்ராட் பண்ணுமுன் 4 நிமிடமாவது எஞ்சின் அறைக் காற்றூதியை ஓட விட வேண்டும் என்பது கனடாவில் விதி. அந்தப் பதற்றத்தில் அது நடக்கவில்லை. இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டுபோய் இறங்குதுறையில் விட்டது.

## பட்டறையில் முதல் பரிசோதனை

இரண்டு நாள் கழித்து படகு ட்றெயிலரில் வந்தது. வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, நியூட்ரலிலதான் போட்டனான், சத்தியமாய்.”

“கைபிடி நியூட்ரலில இருந்தது அண்ணை. கால் வரேல்லை.”

திறப்பை எடுத்து என் பொக்கெற்றில் போட்டேன், பற்றரியைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் எவரும் புரொப்பெல்லருக்குக் கிட்டப் போகலாம் என்பது எங்கள் பட்டறை விதி. கைபிடி நியூட்ரலில் நின்றது. புரொப்பெல்லரைப் பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாகச் சுற்றினோம், பிடித்துக்கொண்டது. வலஞ்சுழிப் புரொப்பெல்லர் பூட்டிய அல்ஃபாவில் அது முன் கியரில் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அடுத்து எஞ்சின் மூடியைத் திறந்தோம். ரேப் சுற்றிய வயர் கண்ணில் பட்டது அப்போதுதான். அதுவரை அவர் அதைச் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை, மே மாதமே தீர்ந்துபோன வேறொரு பிரச்சினை என்று நினைத்திருந்தார். மே மாதக் கதை முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டோம். என் சந்தேகம் கேபிள் பக்கம் சாய்ந்தது அந்தக் கதையைக் கேட்டுத்தான், கையால் எதையும் தொட்டுப் பார்த்தல்ல.

இறுக்கம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: கைபிடியும் அதன் கேபிளும், கீழ்க் கேபிளும் அது சேரும் நெம்பும், அல்லது கால். மூன்றையும் பிரித்துப் பார்க்க வசதியான இடம் ஷிஃப்ட் பிரக்கெற். அங்கே கைபிடிக் கேபிளைக் கழற்றினோம். கைபிடியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க, வெண்ணெயில் கத்தி போல ஓடியது. பாதிப் பாதை விலகியது.

பிறகு கீழ்க் கேபிளின் முனையைக் கையால் பிடித்து இழுத்தேன். உதவியாளர் பின்னால் புரொப்பெல்லரை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடாத நேரத்தில் புரொப்பெல்லரைச் சுற்றாமல் இந்தக் கிளட்சை நகர்த்தப் பார்க்கக் கூடாது. பல்லின் முனை பல்லில் முட்டி நிற்கும்; கியர் இறுகிவிட்டது என்று நாமே ஏமாந்துபோவோம். சுற்றிக்கொண்டே இழுத்தும் கேபிள் மணல் அரைப்பது போலத்தான் வந்தது. பலம் முழுவதையும் கொடுத்த பிறகுதான் நியூட்ரலுக்கு விழுந்தது.

## சுக்கானைத் திருப்பிப் பார்த்தது

இறுக்கம் கீழே என்று தெரிந்துவிட்டது. கேபிளிலா காலிலா என்பது மீதி. காலைக் கழற்றினால் தெரியும். ஆனால் கழற்றுமுன்னே செய்யக்கூடிய ஒரு சோதனை இருந்தது. பூட்டுச் சுவரில் சுக்கானை வெட்டித் திருப்பியிருந்தபோதுதான் கியர் விடவில்லை என்று அவர் சொன்னது என் மனதில் கிடந்தது.

கால் நேராக இருக்கும்போது கேபிளை இழுத்தேன்: கடினம், ஆனால் நகர்ந்தது. காலை ஒரு பக்கம் முழுவதும் தள்ளி வைத்து இழுத்தேன்: அசையவே இல்லை. மறுபக்கம் தள்ளி வைத்தால் நேராக இருந்ததை விடச் சற்றுக் கடினம். மூன்று தடவை மாறி மாறிச் செய்தோம், மூன்று தடவையும் அதே விடை.

கிளட்சும் அதை நகர்த்தும் தண்டும் காலோடு சேர்ந்து திரும்புபவை. கால் இடம் போனாலும் வலம் போனாலும் அவற்றுக்கு ஒன்றுதான். திருப்பத்தில் வளைவது கேபிள் மட்டுமே. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், காலில் ஒரு போல்ற்றும் கழற்றத் தேவையில்லை. கையேடுகளில் இது இந்த வடிவில் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இப்போது எந்த அல்ஃபா வந்தாலும் முதலில் இதைத்தான் செய்கிறோம்.

## காலைத் திறப்பதா?

இந்த இடத்தில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. ‘கியர் முடிஞ்சுது, கால் மாத்தவேணும்’ என்று இறங்குதுறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். பாவித்த கால் ஒன்று விற்பனைக்கு இருப்பதையும் அவர் பார்த்து வைத்திருந்தார். குறைந்தது கீழ்ப்பாகத்தையாவது திறந்து பற்களைப் பார்க்கச் சொன்னார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. மூன்று மாதம் 900 சுற்றில் ‘டங்’ என்று விழுந்த பற்கள், ஓரம் உருண்டிருக்கலாம்.

கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தோம். பழையது, கறுத்திருந்தது; ஆனால் பால் நிறமில்லை, அதாவது தண்ணீர் போகவில்லை. எண்ணெய் வடிக்கும் துளையின் மூடியாணியில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக இருந்தது. துண்டோ செதிலோ ஒன்றுமில்லை. ஓடும்போது கியர் தானாகக் கழன்று விழுந்ததா என்று கேட்டேன். பற்களின் ஓரம் உருண்டால் பாரத்தில் ஏறும்போது கிளட்ச் வழுகித் தாவும், எஞ்சின் திடீரென்று கத்தும். அப்படி ஒரு தடவையும் நடக்கவில்லை என்றார். சறுக்குப் பலகைக்காரரை இழுக்கும்போதுகூட.

திறப்பதில்லை என்று முடிவெடுத்தோம். கீழ்ப்பாகத்தைத் திறந்தால் சீல்கள் மாற்ற வேண்டும், கியர் இடைவெளிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்ததைக் கலைத்த குற்றமும் சேரலாம். அதே நேரம் பற்களைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும், தாவத் தொடங்கினால் திறக்கத்தான் வேண்டும் என்பதையும் வேலைத்தாளில் எழுதி அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அவர் முழுமனதோடு போடவில்லை.

## காலைக் கழற்றியதும் கேபிளை வெட்டியதும்

அல்ஃபாவைக் கழற்றும்போது கியர் முன்னில் இருக்க வேண்டும்; அப்போதுதான் கியர் நெம்பு பூட்டிய இடத்திலிருந்து வழுகி வெளியே வரும். மாட்டிக்கொண்ட கியர் முன் கியராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பின் கியரில் மாட்டியிருந்தால் கழற்றுவதற்கே தனிப் போராட்டம் நடந்திருக்கும். நியூட்ரலுக்கு இழுத்ததைத் திரும்ப முன்னுக்குத் தள்ளி, காலை ஏற்றி இறக்கும் ட்றிம் சிலிண்டர்களின் ஊசியைத் தட்டியெடுத்து, ஆறு நட்டுகளையும் கழற்றி, காலைச் சில்லு மேசையில் பின்னுக்கு இழுத்தோம்.

மேசையில் வைத்து, மேல் தண்டைச் சுற்றிக்கொண்டே கியர் தண்டைக் கையால் திருப்பினோம். முன், நியூட்ரல், பின் மூன்றும் தெளிவாக விழுந்தன. இரண்டு விரல் பலம் போதுமாக இருந்தது. கால் குற்றமற்றது. படகில் தனியாக நின்ற கேபிளை இழுத்தால் அதே மணல். இதைப் படகுக்காரரைக் கொண்டே செய்வித்தோம். அதற்குப் பிறகு பாவித்த கால் பற்றி அவர் பேசவில்லை.

கேபிளுக்கான பெலோஸைக் கையால் விரித்துப் பார்க்க, மடிப்பின் அடியில் நீளமான கீறல். தண்ணீர் அதற்குள்ளால் வந்திருக்கிறது. அடித்தளத் தண்ணீரின் மர்மமும் அதோடு தீர்ந்தது. கேபிளை உருவியெடுத்து, வளையும் இடத்தில் மேலுறையை நீளப்பாட்டுக்கு வெட்டினோம். உறை ஒரு பக்கம் வெடித்திருந்தது. உள்ளே துருநிறத் தண்ணீர். உட்கம்பியின் இழைகள் சில அறுந்து உறையின் சுவரில் குத்திக்கொண்டிருந்தன. உறை வெடித்தபடியால்தான் கைபிடி நியூட்ரலுக்குப் போயும் கிளட்ச் போகவில்லை. கைபிடி நகர்த்திய தூரத்தைக் கம்பி கடத்தவில்லை. உறையின் நீட்சியும் பிரக்கெற்றின் வில்லும் விழுங்கிவிட்டன. சிம்கோ நன்னீர் ஏரி, உப்பின் வேகத்தில் இது நடக்கவில்லை. உறைக்குள் நின்ற தண்ணீர் ஒவ்வொரு குளிருக்கும் உறைந்து வெடிப்பை விரித்திருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

புதிய கீழ்க் கேபிள், அதற்கான பெலோஸ், தண்டுக்கான பெரிய பெலோஸ் மூன்றும் வரவழைத்தோம். நான்கு நாள் காத்திருப்பு. பெரிய பெலோஸ் கிழிந்திருக்கவில்லை. ஆனால் கால் கழன்று நிற்கும்போது மாற்றாமல் விட்டால் அடுத்த வருடம் இதே வேலையை இன்னொரு தடவை செய்ய வேண்டிவரும். உள்ளே உள்ள பெயாரிங் சத்தமில்லாமல் சுழன்றது. கிறீஸ் மட்டும் கொடுத்தோம். நேர்ப்பாடு பார்க்கும் தடியை விட்டு எஞ்சின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, காலை ஏற்றி, ஆறு நட்டுகளையும் 68 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினோம். கீழ்க் கேபிளின் நீளத்தைக் கையேட்டு அளவுக்கு வைத்து, கைபிடிக் கேபிளை அதற்கு இசைவாகப் பூட்டினோம். வரிசை இதுதான், மாற்றிச் செய்தால் ஒரு கியர் முழுதாகவும் மற்றது அரைகுறையாகவும் விழும். சுவிச்சை மீற்றர் வைத்துச் சோதித்தோம், நன்றாக வேலை செய்தது. ரேப்பை உரித்து வயரைப் பூட்டினோம்.

## நீர்ச்சோதனையும் எங்கள் பிழையும்

துறையில் நான்கு கயிறும் கட்டியபடி காற்றூதியை ஓடவிட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணினோம். சூடானதும் ஐடிலைக் குறைத்து முன் கியரில் 650க்கும் 700க்கும் இடையில் வைத்தோம். முன் கியர் மெதுவாக விழுந்தது. நியூட்ரலுக்கு எடுத்தேன். எஞ்சின் நின்றது.

ஐந்து தடவை முயன்றதில் மூன்று தடவை நின்றது. மே மாதம் இறங்குதுறையில் நடந்த அதே காட்சி, இந்தத் தடவை எங்கள் கையால். படகுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளர் சுவிச் வயரைக் காட்டி, “ஒருக்கா கழட்டிப் பாப்பமோ அண்ணை?” என்றார். என் கையும் அந்தப் பக்கம் போனது உண்மை.

கழற்றவில்லை. எஞ்சினை நிறுத்தி, கைபிடிக் கேபிளைத் திரும்பக் கழற்றி, கீழ்க் கேபிளைக் கையால் இழுத்தேன். புதுக் கேபிள், ஆனாலும் இறுக்கம். ரோச் அடித்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் அதன் பாதையைத் தேட, பிளாஸ்ரிக் கட்டு ஒன்றால் பக்கத்துக் குழாயோடு சேர்த்து இறுக்கியிருந்தது தெரிந்தது. அழகாக இருக்கட்டும் என்று நான் போட்ட கட்டு. அதில் கேபிள் கூர்மையாக மடிந்திருந்தது. கட்டை வெட்டி அகலமான வளைவில் விட்டதும் கேபிள் கையில் இலேசானது.

பிறகு கட்டியபடியே முப்பது தடவை மாற்றினோம், ஒரு தடவையும் நிற்கவில்லை. சுக்கானை இரு பக்கமும் முழுவதும் வெட்டி வைத்து அதையே செய்தோம். ஏரிக்குள் போய்ப் பாரம் ஏற்றிப் பார்த்தோம், கிளட்ச் தாவவில்லை. திரும்பி வரும்போது அவர் கேட்டார்:

“நியூட்ரலுக்கு எடுக்கேக்க எஞ்சின் ஒரு கணம் இடறுதே தம்பி?”

“அது இடறவேணும் அண்ணை. இடறாமல் விட்டால் கொண்டு வாங்கோ.”

## அதன் பின்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நன்றியறிதல் நாள் வரை படகு ஏறத்தாழ 20 மணித்தியாலம் ஓடியது. அதே 41ஆம் பூட்டுக்கும் போய் வந்தார். குளிருக்கு மூடி வைக்க வந்தபோது கேபிளைக் கையால் பார்த்தோம், இலேசாகவே இருந்தது. அடித்தளம் உலர்ந்திருந்தது. கியர் எண்ணெயில் புதிதாக ஒன்றுமில்லை. பற்களை நாங்கள் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. வேலைத்தாளில் அந்த வரி அப்படியே நிற்கிறது. மொத்தச் செலவு, அவர் வாங்க நினைத்த பாவித்த காலின் விலையில் கால்வாசிக்கும் குறைவு. மேற்பூச்சு வெடிப்பைத் தானே பூசிக்கொண்டார், நிறம் ஒட்டவில்லை.

## எதை மாற்றிச் செய்வோம்

இழுவையை அளந்திருக்க வேண்டும். பழைய கேபிள் எவ்வளவு கடினம், புதியது எவ்வளவு இலேசு என்பதற்கு என்னிடம் இருப்பது கையின் ஞாபகம் மட்டும். மீன் நிறுக்கும் வில்லுத் தராசைக் கொளுவி இழுத்திருந்தால் எண் கிடைத்திருக்கும். காலை ஏற்றிய பிறகும் அளந்திருந்தால் என் கட்டின் மடிப்பு பட்டறையிலேயே அகப்பட்டிருக்கும், துறையில் தலைகுனிய வேண்டி வந்திருக்காது. இப்போது ஒரு தராசு வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம்.

வசந்தகாலத்தில் படகுகளைத் தயார்ப்படுத்தும் பட்டியலில் இரண்டு வரி சேர்த்தோம். ஒன்று, காலை இரு பக்கமும் திருப்பி வைத்துக் கீழ்க் கேபிளை இழுத்துப் பார்ப்பது. மற்றது, கட்-அவுட் சுவிச்சின் வயர் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. சோதனைக்காக எவராவது அந்த வயரைக் கழற்றினால் சிவப்புத் துண்டொன்றைச் சுக்கானில் கட்ட வேண்டும். துண்டு கட்டியிருக்கும் வரை படகு முற்றத்தை விட்டுப் போகாது.

படகுக்காரர்களிடம் சொல்லும் விதத்தையும் மாற்றியிருக்கிறோம். துறையை விட்டு அவிழ்க்குமுன், கட்டியபடியே முன், நியூட்ரல், பின் என்று ஒரு சுற்று மாற்றிப் பார்க்கச் சொல்கிறோம். பார்க்க வேண்டியது பின்னால் தண்ணீர் எந்தப் பக்கம் கொதிக்கிறது என்பதை. கைபிடியைப் பார்த்துப் பயனில்லை. கியர் விடவில்லை என்றால் உடனே திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்த வேண்டும். திரும்ப ஸ்ராட் பண்ணுவது எஞ்சின் நிற்க நியூட்ரலுக்கு எடுத்துப் பார்த்து, படகைக் கட்டிய பிறகு. படகுக்கும் சுவருக்கும் நடுவில் கையோ காலோ போகக் கூடாது. மகனுக்கு இதைச் சொன்னபோது, “அம்மா ஒவ்வொரு கிழமையும் சொல்லுறா” என்றான்.

அந்தக் குளிர்காலம் எங்களிடம் மூடி வைக்க வந்த அல்ஃபாக்கள் எல்லாவற்றிலும் வயரைப் பார்த்தோம். இரண்டில் கழன்று கிடந்தது. ஒன்றில் சுவிச்சே உடைந்திருந்தது, கேபிளில் குறையில்லை. மற்றதில் காலை ஒரு பக்கம் திருப்பி வைத்து இழுக்க, மணல் அரைத்தது.